முழங்கை வரை

ஆறு நாற்பதுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புவேன்.
முன் சக்கரம் ஒன்று எப்போதும் இடப்பக்கமே இழுக்கும்.
நீலம் முதலில், பிறகு மஞ்சள், ஊதா, கடைசியில் சாம்பல்.
குழாய்களின் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
சின்னதாய் ஒரு குத்து. பஞ்சு. அழுத்திப் பிடியுங்கள்.
அடுத்த கட்டில்.

இருபத்தொரு வருஷமாக
ரெக்ஸம் நகரத்து மனிதர்களை
முழங்கை மடிப்பு வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.
பேருந்து நிறுத்தத்தில் முகம் பிடிபடாது.
கோட்டைக் கழற்றிவிட்டால்
'ஓ, நீங்களா, நழுவி ஓடுகிற நரம்பு!' என்பேன்.

போன மாதம் மாற்றினார்கள்.
ரப்பர்க் கையில் சிவப்புத் தண்ணீர் ஊற்றி
அரை நாள் பயிற்சி, பத்துக் கையெழுத்து.
இனி வெறுமனே எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது,
மெல்லிய குழாயை உடம்புக்குள் விட்டுவிட்டு வரவேண்டும்.
முதல் நாள்
எதையோ மறந்து வைத்தவள் மாதிரி
இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்த்தேன்.
கழுத்து அட்டையில் ஒரே மூச்சில் சொல்லமுடியாத புதுப் பதவி,
சம்பளச் சீட்டில் பழைய எண்.
நர்ஸுகளுக்குப் பாரம் குறையும் என்றார் மேலாளர்.
குறைகிற பாரம் எங்கே போகும் என்று கேட்டாள் நெரிஸ்.
அவர் என் வண்டியைப் பார்த்தார்.

இன்று ஈசிஜி.
பதினான்காம் கட்டில், இட்வால் ப்ரைஸ்.
நாலு வருஷமாய் என் ஊசிக்கு முகம் திருப்பிக்கொண்டு
மனைவி டிலிஸைத் திட்டுகிறவர்.
சட்டையைத் திறந்தால் காறையெலும்புக்குக் கீழே
பச்சை குத்திய பெயர்: ஒல்வென்.
என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு
"நாய்" என்றார்.
சிரிக்காதீர்கள், கோடு கெட்டுவிடும் என்றேன்.
நான்தான் சிரித்தேன்.

காகிதம் வந்தது.
எடு, கொடு, வாசிக்காதே. அதுதான் விதி.
நான் வாசிக்கவில்லை.
வேலி சாய்ந்து கிடப்பதைப் பார்க்க
எழுத்து தெரிந்திருக்க வேண்டுமா என்ன?

டாக்டர் ஃபோனில் இருந்தார், எதிரே கடித்த சாண்ட்விச்.
அதன்மேல் வைத்தேன்.

அப்புறம் ஓட்டம், திரை, யார் யாரோ கைகள்.
காலையில் நான் விட்டுவிட்டு வந்த குழாய் வழியே
மருந்து ஏறியது.
என்னைப் போகச் சொல்லவில்லை,
இருக்கச் சொல்லவும் இல்லை.
இட்வாலின் இரண்டு விரல்கள்
என் சட்டை விளிம்பைப் பிடித்திருந்தன.

பதினொரு மணி. இன்னும் ஒன்பது கட்டில்கள்.
ஆய்வகம் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டது.
தாமதத்துக்குக் காரணம் எழுத
படிவத்தில் நக அகலத்துக்கு ஒரு கட்டம்.
'நின்றேன்' என்று எழுதிவிட்டு
இடப்பக்கம் இழுக்கிற வண்டியை
நேராகத் தள்ளினேன்.