எட்டடி, பதினாறடி

மேட்டுப்பாளையத்தில் ஷாநவாஸின் கொட்டகையில்
இரண்டும் கவிழ்ந்து கிடந்தன.
எட்டடி ஒன்று. பதினாறடி ஒன்று.
பெரியதன் அடியில் பூனை குட்டி போட்டிருந்தது.
"இதை எடுத்தா அதுங்களையும் எடுத்துக்கணும்"
என்றார், பாதி விளையாட்டாக.

சீட்டுப் பணம் எங்கள் இருவருடையது,
எனக்கும் என் நாத்தனார் தவமணிக்கும்.
மாதம் இரண்டாயிரம், இருபது மாதம்.
ஒரு வார்த்தை பேசாமல் கட்டி முடித்தது.
தன் பாதியை அவள் தம்பியிடம் கொடுப்பாள்,
நான் அவனிடமிருந்து எண்ணி வாங்குவேன்.

பேச்சு நின்றது மஞ்சூர் வீட்டின்
பின்பக்கச் சுவர் விஷயத்தில்.
அதை இங்கே எழுதினால் மறுபடி ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்
அணைக்கரையில் ஒரே பாறை,
ஆளுக்கொரு தூண்டில்.
அவள் கேழ்வரகு மாவில் சோம்பு சேர்த்துப் பிசைவாள்.
எனக்கு மண்புழு.
கெண்டை அவளிடம்தான் போகும்.
பேசாததில் அதற்கும் பங்கு உண்டு.

குணசீலனுக்குப் பெரியதில்தான் கண்.
ஆறு பேர் உட்காரலாம், மேலே தார்ப்பாய்,
பின்னால் மோட்டார், நடுவே ஐஸ் பெட்டி.
பிள்ளைகள் வருவார்கள், ஊட்டி மச்சான் வருவார்,
பிரியாணி அண்டாவுக்கும் இடம் பார்த்துவிட்டான்.
குறைகிற பணத்துக்கு லோன்.
என் காதருகே வந்து மெதுவாக,
"முன்னால நீ, பின்னால அக்கா,
நடுவுல நாங்க.
முகத்த முகம் பாக்க வேண்டாம்" என்றான்.
அக்கறையாகத்தான் சொன்னான்.

நான் பவர்ஹவுஸில் ஷிஃப்ட் பார்ப்பவள்.
கீழ்நாட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில்
ஃபேனும் கிரைண்டரும் போட்டால்
இங்கே அணை எத்தனை அடி இறங்கும்
என்பது என் நோட்டில் இருக்கிறது.
காலையில் தண்ணீர் நின்ற இடம்
மாலையில் முழங்கால் சேறு.
அதில் பதினாறடியை யார் இழுப்பது?
கெத்தை வழியில் நாற்பத்து மூன்று வளைவு,
ஒவ்வொன்றிலும் காய்கறி லாரிக்காரன் தலையை நீட்டி
"கடல் எந்தப் பக்கம்க்கா?" என்பான்.

இதையெல்லாம் நான் சொல்வதற்குள்
தவமணி சிறியதை நிமிர்த்தச் சொன்னாள்.
என்னிடமல்ல, ஷாநவாஸிடம்.
செருப்பைக் கழற்றினாள்.
சிமெண்டுத் தரையில் கிடந்த படகில்
நல்ல தண்ணீரில் ஏறுவதுபோல்
விளிம்பைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள்.
எதிர்ப் பலகை காலியாக இருந்தது.
ஏறினேன்.
முட்டியில் முட்டி இடித்தது.
தைல வாசனை.
அவளுக்கும் மூட்டு வலிக்கிறதா?
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"இதுல ஒரு கஷ்டம்" என்றார் ஷாநவாஸ்.
"ஒருத்தர் எந்திரிச்சா
மத்தவங்க அந்தப் பக்கம் சாயணும்.
சொல்லாம எந்திரிச்சீங்க,
ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள."

நாங்கள் இருவரும் பூனையைப் பார்த்தோம்.
அது ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு
வேறு மூலை தேடிப் போய்க்கொண்டிருந்தது.
எடுக்க வேண்டாம், போகாதே,
என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஜீப் தலையில் கவிழ்த்துக் கட்டி வந்தோம்.
குணசீலன் முள்ளி வரை பேசவில்லை.

முதல் ஞாயிறு.
தண்ணீர் எது, மேகம் எது,
துடுப்பை விட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது.
கரை இல்லை. யூகலிப்டஸ் இல்லை. எங்கள் பாறை இல்லை.
அவள் முகம் மட்டும், கைக்கெட்டும் தூரத்தில்,
மூக்கு நுனியில் ஈரத்தோடு.
ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை.
எனக்குக் கால் மரத்தது. நீட்டினால்
அவள் மாவுக் கிண்ணத்தில் படும்.
மரக்கட்டும் என்று விட்டேன்.

அப்போது அவள் கம்பு வளைந்தது,
நுனி தண்ணீரைத் தொட, நரம்பு கிறீச்சிட.
உட்கார்ந்து இழுக்கிற மீன் இல்லை அது.

"எந்திரிக்கிறேன்."

மூன்று வருஷம் கழித்து.
நான் சாய்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

சாய்ந்தேன். முழங்கை நனைந்தது.
படகு எங்கள் இருவரையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து
நின்றது.

மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது.
அறுந்த நரம்பை அவள் நிதானமாகச் சுற்றினாள்.
உட்காருவதற்குச் சொல்ல வேண்டும் என்று
ஷாநவாஸ் சொல்லவில்லை.
"உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான்
உட்கார்ந்தாள்.