செதில் உதிர்ந்த குழி

உதட்டுக்குப் பின்னால் ஒட்டுத்தட்டு உண்டா?
உண்டெனில் இரண்டாம் எண்ணுக்குப் போ.
இல்லையெனில் ஏழுக்கு.

ஸுலைகா அல் அப்ரி எழுதித் தந்த தாள்
மடிப்பில் கிழிந்து என் சட்டைப்பையில் கிடக்கிறது.
ஏழுக்கு நான் இதுவரை போனதே இல்லை.
தனூப் வாதியில் பிடிபடுவதெல்லாம்
தட்டு உள்ளவைதான்.

வாதி என்றால் இங்கே ஓடை.
எங்கள் ஊரில் கோர்ட்டுக்குப் போகிறவன்.

விரல் நீளம். அடியில் கிடக்கும்.
பாறையின் நிறம், பாறையின் பிடிவாதம்.
தண்ணீர் இழுக்கிற இழுப்பில்
என் வலைக்கம்பு வளைகிறது;
அது தாடையைக் கல்லில் பதித்தபடி
பாசி மேய்ந்துகொண்டிருக்கிறது.
நீந்துவதைவிட நிற்பதுதான் அதற்குப் பெரிய வேலை.

ராமநாதபுரத்துக்காரன் நான்.
எங்கள் பக்கம் ஆற்றைக் கடக்கச்
செருப்பைக் கழற்ற வேண்டாம்.
ஓடுகிற தண்ணீரை முழங்காலில் அறிந்தது இங்கேதான்,
பாலைவனம் என்று சொல்லி
விமானம் ஏற்றிவிட்டார்களே, அந்த நாட்டில்.
தம்பி போனில் நம்பவில்லை.
எங்கேயாவது பைப்பு உடைந்திருக்கும் என்றான்.

இது அயிரைதானே என்றேன் முதல் நாள்.
இல்லை என்றார் ஸுலைகா.
அது வேறு குடும்பம், இது கெண்டைக்குச் சொந்தம்.
ஒரே வேகத் தண்ணீரில் கிடந்தால்
யார் வயிறும் தட்டையாகும்,
அதை வைத்து உறவு கொண்டாடாதே.
தொண்டைப் பல்லைப் பார்.
பக்கக் கோட்டில் செதிலை எண்ணு.
முப்பத்து நாலு என்றால் ஒரு பெயர்.
முப்பத்தைந்து என்றால் இன்னொன்று.
பெயரே இல்லாததும் வரலாம்;
அதற்கென்று ஒரு ஜாடி
காலியாக நிற்கிறது அலமாரியில்.

மார்ச்சில் ஒரு வியாழன்,
ஜீப்பை மேலே நிறுத்திவிட்டு
இறங்கி வந்தார் தொழிலாளர் துறை அதிகாரி.
அட்டையைக் கேட்டார்.
தொழில்: கொத்தனார் உதவியாளர்.
கையில் வலை, இடுப்பில் வாளி,
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு செங்கல் இல்லை.
மட்டக்கரண்டி உண்டா?
இல்லையெனில் எந்த எண்ணுக்குப் போவது?
வாதிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்றேன்,
பிரதிவாதி.

ஸுலைகா அரபியில் நீளமாகப் பேசினார்.
ஆய்வு, பல்கலைக்கழகம், அனுமதிக் கடிதம்,
பாதிதான் எனக்குப் பிடிபட்டது.
கேட்டபடியே அதிகாரி ஷூவைக் கழற்றினார்.
வெயில் அப்படி.
காலை விட்டதும் நாலைந்து வந்து
குதிகாலைக் கொறிக்க ஆரம்பித்தன.
சிரித்துவிட்டார்.
ஸத், என்றார். சின்ன வயதில் நாங்கள் இதை...
கையில் என் அட்டை இருப்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது போல
நிறுத்திக்கொண்டார்.
அவருக்கு அது ஒரே சொல்.
மலைக்கு இந்தப் பக்கமும் ஸத், அந்தப் பக்கமும் ஸத்.

அடுத்த வாரம் அபராதக் காகிதம் வந்தது கம்பெனிக்கு.
அதில் நைனா முகம்மது
நீனா முகம்மது ஆகியிருந்தான்.

நேற்று மாதிரி எண் நாற்பத்தொன்று.
முப்பத்து நாலு என்று எழுதிக் கொடுத்துவிட்டு
நிஸ்வா கேம்புக்கு வந்து
சோற்றுப் பானையைத் தேய்க்கிறேன்,
கட்டைவிரல் நகத்தடியில் ஒரு மினுக்கம்.
செதில்.
மேல்கட்டில் யாதகிரி எட்டிப் பார்த்து,
மீன் ஆக்கினாயா, எனக்கு வைக்கவில்லையே என்றான்.

செதில் உதிர்ந்தால் குழி இருக்கும்,
குழியையும் சேர்த்து எண்ணு என்று
ஸுலைகா சொல்லித்தான் இருக்கிறார்.
எண்ணினேனா?
நடுவில் ரோவெனா விளக்கைத் திருப்பினாள்,
கண் கொட்டியது,
இருபதிலிருந்து மறுபடி தொடங்கினேன்.
இருபதா, இருபத்தொன்றா?

மணி பதினொன்று. இப்போது போன் செய்ய முடியாது.
தொலையாமல் இருக்கட்டும் என்று
அட்டையின் மேல் வைத்துப் படுத்தேன்.
காலையில் அது காய்ந்து,
என் படத்தின் காதோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
நெம்பினால் உடையும்.

ஆறு மணி வண்டி ஹாரன் அடிக்கிறது.
அட்டையோடு போய்த்தான் காட்ட வேண்டும்.