கூட்டல் சி

காலை ஆறரைக்கு வகுப்பு. எல் ஆல்ட்டோவில்
அந்நேரம் ஜன்னலின் உட்புறமும் உறைந்திருக்கும்.
யோலா கிஸ்பெர்ட் கையுறையைக் கழற்றுவதில்லை.
வலக்கையில் இரண்டு விரல்நுனிகளை மட்டும்
கத்தரித்துவிட்டிருக்கிறாள், பென்சிலுக்காக.

கால்குலஸ் இரண்டு. மூன்றாம் முறை.

முதல் முறை பகுதித் தொகையிடலில் விழுந்தாள்.
எதை யூ என்று வைப்பது, எதை டீவீ என்று வைப்பது,
மாற்றி வைத்தால் கணக்கு கரையாமல்
குட்டி போட்டுக்கொண்டே போகும்.
அடுத்த முறை, தேர்வன்று சாலை மறியல்.
டயர்கள் எரிந்த ஏழு முனைகளைத் தாண்டி
நடந்தே வந்து சேர்ந்தபோது
விடைத்தாள்களை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பகலில் கேபிள் கார் நிலையத்தில் வேலை.
பன்னிரண்டு வினாடிக்கு ஒரு பெட்டி,
பெட்டிக்குப் பத்துப் பேர்,
அகலப் பாவாடைக்காரிகள் ஏறினால் எட்டு.
'உள்ளே நகருங்கள், உள்ளே.'
கீழே லா பாஸுக்கு இறங்குவது வகையிடல் என்பாள்.
பாதி வேலையை மலையே செய்துவிடும்.
ஏறி வருவதுதான் தொகையிடல்:
வந்து நிற்கிற முகத்தைப் பார்த்து
எங்கே ஏறியது என்று சொல்ல வேண்டும்.

பக்கத்து பெஞ்சில் குரோவர் டிங்குட்டா,
மினிபஸ் ஓட்டுகிறவன், ஒருநாள் முனகினான்:
'நம் ஐமாராவில் நேற்று கண்ணெதிரே இருக்கிறது,
நாளைதானே முதுகுக்குப் பின்னால்.
அப்புறம் ஏன் போன கணக்கைக் கண்டுபிடிக்க
இந்தப் பாடு?'
அவள் சிரித்ததில் சாக்குக்கட்டி நின்றது.
பேராசிரியர் தாரிஃபா திரும்பாமலே சொன்னார்,
'சி எங்கே? யாருமே சி போடவில்லை.'

என் மொழியில் இதற்குப் பெயர் தொகை.
கூட்டி வருவதும் தொகை,
கூடியதில் ஒன்று ஒளிந்து நின்றாலும் தொகை.
ஊறுகாய் என்கிறோம். ஊறியதா, ஊறுகிறதா,
இனிமேல்தானா? சொல் வாய் திறக்காது.
யோலாவிடம் இதைச் சொல்ல எனக்கு வழியில்லை.
சொன்னால், பசிக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்பாள்.

இந்த முறை நான்காவது கேள்வி:
சீகண்ட்டின் மூன்றாம் அடுக்கு.
பகுதி பிரித்து, டேன்ஜெண்ட்டை மாற்றி,
அரைப்பக்கம் இறங்கியபின் பார்த்தால்
தொடங்கிய கணக்கே எதிரில் நிற்கிறது,
ஒரு மைனஸை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு.
போன வருடம் இந்த இடத்தில்தான்
தப்பு என்று எல்லாவற்றையும் அடித்தாள்.
இப்போது அடிக்கவில்லை.
பென்சிலைக் கடித்தாள்.
அதைக் கையைப் பிடித்து இடப்பக்கம் அழைத்துவந்தாள்.
இரண்டாகிவிட்டது. இரண்டால் வகுத்தாள்.
அவ்வளவுதான்.
அவ்வளவுதானா என்று இன்னொரு முறை பார்த்தாள்.

வேலை முடிந்து இரவு இறங்கும் பெட்டியில்
பாதி மலை வந்தபின் திடுக்கென்றது.
இரண்டாவது கேள்வி.
போட்டேனா?
மூச்சு படிந்த கண்ணாடியில் விரலால் எழுதினாள்,
ஒரு கூட்டல் குறி, ஒரு சி.
எழுதிய கோடுகளுக்குள் மட்டும்
கீழே நகரத்து விளக்குகள் தெளிவாகத் தெரிந்தன.

எதிர் இருக்கைக்காரர், மடியில் கோழிக்கூண்டு,
குறும்பாகக் கேட்டார்:
'யார் பெயரின் முதலெழுத்து, பெண்ணே?'

'தெரியாது,' என்றாள்.
'ஆனால் போட்டாக வேண்டும்.'