நாலு க்ரூகர் காசு

பதிமூன்று நானோமீட்டருக்கு நறுங்கிவிட்டால்
தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை.
குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன்:
பீட்ரூட் வெந்த தண்ணீர்.

"இதுவா?" என்றார் கோகிலம் படையாச்சி.
ஃபோர்ட்ஸ்பர்க்கில் பழைய நகை வாங்கும் கடையில்
இருபத்திரண்டு வருடம் தராசுக்குப் பின்னால் இருந்தவர்.
வளையலைக் கையில் வாங்கும்போதே
மாற்றுக் குறைவு தெரிந்துவிடும்,
விற்க வந்தவர் வீட்டுக் குறையும்.
இப்போது நாக்கின் அடியில் கட்டி.
ஏழு மாதம் வரிசையில் காத்திருந்து
இன்றுதான் எங்கள் எந்திரத்தின் முறை.

சொன்னேன்:
கட்டி தனக்குப் போட்டுக்கொள்ளும் ரத்தக்குழாய்
கான்ட்ராக்டர் அவசரத்தில் போட்ட பைப் மாதிரி,
ஒழுகும்.
ஒழுகும் இடத்தில் தங்கம் தங்கும்.
கதிர் பட்டதும் ஒவ்வொரு துகளும்
எலக்ட்ரான்களைத் துப்பும்,
ஒரு செல்லின் தூரத்துக்குள்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்காத சண்டையாக.

"எத்தனை போடுவீங்க?"

எலிக்கு, என்றேன். எலிக்கு மட்டும்தான்.
இருபது கிராம் எலிக்கு
ஐம்பத்துநாலு மில்லிகிராம்.
அரைக் குந்துமணிகூட வராது.

கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது.
"போன வருஷம் நான் அறுபது கிலோ.
அஞ்சு க்ரூகர் காசு, கொஞ்சம் மேலே.
இப்போ நாப்பத்தெட்டு. நாலு போதும்.
இளைச்சதில ஒண்ணு மிச்சம்."

தமிழ் தெரியாத ரெஃபீல்வே
அவர் விரல் மடக்கியதைப் பார்த்தே சிரித்துவிட்டாள்.
எனக்கு வரவில்லை.

எனக்குப் போடு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் சுலபம்.
கேட்காதவரிடம் நானே சொன்னேன்:
அனுமதி இல்லை.
பதினேழாம் எலியின் ஈரலில்
இன்னும் வெளியேறாமல் கிடக்கிறது பொன்.
அது என்ன செய்யும் என்று
எலிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வெளியே சுரங்கக் கழிவு மேடுகள்.
பொன்னை எடுத்துக்கொண்டு
ஜொஹனஸ்பர்க் துப்பிப்போட்ட மண்.
ஆகஸ்ட் காற்றில் அது
நெஞ்சுக்குள் இறங்குவதற்கு
யாரும் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை.

வெந்நீரில் இளகிய வலையை
முகத்தில் அழுத்துவதற்கு முன்
"பொன் வைக்கிற எடத்துல பூ வைக்கிறது,
அப்படித்தானே?" என்றார்.

பூவும் இல்லை, அம்மா.
மார்க்கர் பேனாவின் பச்சைப் புள்ளி ஒன்று,
குந்துமணி அளவில்.

கனத்த கதவு மூடிக்கொண்டது.
ரெஃபீல்வே பொத்தானை அழுத்தினாள்.
வெறும் கதிர்.
முப்பத்தைந்து நாளில் முதல் நாள்.
திரையில் அவர் இடது கை மட்டும்
எதையோ எடைபார்ப்பதுபோல்
சற்றே ஏறி, இறங்கி, நின்றது.