பதினெட்டு

ரீகாவில் சனிக்கிழமைச் சந்தை.
கதவுக் குமிழ்கள், பல்செட்டு, ஒற்றைப் பனிச்சறுக்குக் காலணி.
நடுவே ஒரு கால்குலேட்டர்
ஏப்ரல் ஈரப்பனியில் நனைந்துகொண்டு கிடந்தது.
எம்கே-52.
வெல்கா கையுறையைக் கழற்றினாள்.

ஆறு யூரோ, என்றார் ஓயார்ஸ்.
நான்கு, என்றாள், அதன் பெயரே தெரியாதவள் மாதிரி.
ஐந்தில் முடிந்தது.

வீட்டில் ஏற்கெனவே நாற்பத்தாறு.
சிவப்பில் எண் மினுக்கும் கிழக்கு ஜெர்மனிக்காரன்,
அரிசிமணிப் பொத்தான்களில் நிரல் எழுதச் சொல்லும்
ஜப்பான் கைக்கணினி,
லைட்டர் ஒட்டிய ஒன்று (கூட்டும், பற்றாது),
ஏழு என்ற எண்ணை மட்டும் மறந்துபோன பல்கேரிய எல்கா.
பகலில் அவளுக்கு எக்ஸ்ரே இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை.
உள்ளே என்ன என்று பார்க்கும் பழக்கம்
மாலையிலும் விடவில்லை.

இரண்டு நாள் ரேடியேட்டர் பக்கம் உலர்த்தினாள்.
நனைந்து வந்தவனை உடனே எழுப்பக் கூடாது.
எல்லாப் பொத்தானும் புதுசு,
'இயக்கு' மட்டும் தேய்ந்து வழவழத்திருந்தது.

இந்த ரகத்துக்கு ஒரு விசேஷம்.
மின்சாரம் போனாலும் மறக்காத மூலை ஒன்று உண்டு.
கையேடு வாக்களித்தது சில ஆயிரம் மணி நேரம்தான்.
முப்பத்தைந்து வருடம் தாங்குமா என்று
கையேட்டிடம் யார் கேட்டார்கள்?

மூன்று நிலை விசை:
அழி. எழுது. படி.
மூச்சைப் பிடித்துத் தள்ளினாள்.

பச்சை எண்கள் தூக்கக் கலக்கத்தோடு எழுந்தன.
பத்துப் பன்னிரண்டு அடிகளில்
யாரோ எழுதிய நிரல்.

முதலில் எண், அப்புறம்தான் செயல்.
அந்தக் கருவியின் இலக்கணம் அப்படி.
நம் வாக்கியம் போல, வினையைக்
கடைசிவரை வாயில் அடக்கி வைத்திருக்கும்.

பன்னிரண்டு கொடுத்தாள்: 198.
இரண்டு: 18.
ஒன்று: 0.
பூஜ்யம் கொடுத்தாள்: −18.
ஒன்றுமே இல்லாதவன் எவனோ
யாருக்கோ பதினெட்டு கடன்பட்டிருக்கிறான்.

ஏவுகணை என்று நினைத்தாள் ஒரு ராத்திரி.
மறுநாள், கடல்மட்டம்.
அதற்கடுத்த நாள் சம்பளப் பிடித்தம்.
எதுவாயிருந்தாலும்
ஒன்றைக் கழித்துப் பதினெட்டால் பெருக்க
காகித ஓரம் போதுமே,
இதற்கு எதற்கு ஒரு நிரல்?

அடுத்த சனி, ஓயார்ஸ்
இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்,
இன்னும் எவரோ ஒட்டுக்கேட்பது போல.

மச்சினன் ஆல்ஃபோன்ஸ் கூட்டுப்பண்ணையில் தேனீ வளர்த்தான்.
பெட்டிக்குப் பதினெட்டுக் கிலோ பண்ணைக்குப் போகணும்.
இன்ஸ்பெக்டர் வருவார். பெட்டிகளை எண்ணுவார்.
பன்னிரண்டு.
ஆல்ஃபோன்ஸ் வாயால் ஒரு எண்ணும் சொல்லமாட்டான்.
கருவியை நீட்டுவான்:
நீங்களே அழுத்துங்கள், தோழர்.

தோழர் அழுத்துவார்.
விண்வெளிக்கு ஆள் அனுப்பிய நாட்டின் கருவி,
அதைப் போய்ப் பெருக்கிச் சரிபார்ப்பதா?
198 என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்,
வருடா வருடம்,
தேனீ கடித்த அதே கட்டைவிரலால்.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்கத்தான் செய்வான்.
இவன் அதற்கும் நிரல் எழுதி வைத்திருந்தான்.

மிச்சத் தேன் என்ன ஆனது?
ஓயார்ஸ் ஒரு கதவுக் குமிழைத் துடைத்தார்.
என் கல்யாணத்தில் பீர் நன்றாகவே தித்தித்தது, என்றார்.
பிறகு, குமிழ் வேண்டுமா, இரண்டு யூரோதான்.

வெல்கா அட்டை எழுதுகிறாள்.
எம்கே-52. உறை கிழிசல்.
அடாப்டர் சீக்கிரம் சூடாகிறது.
குறை: ஒன்று.

சமையலறையிலிருந்து உல்டிஸ் குரல் கொடுக்கிறான்:
மொத்தம் எத்தனை ஆச்சு?

அலமாரிக் கதவைச் சாத்தியபடி
நாற்பத்தாறு, என்கிறாள்.