ஐந்தில் இரண்டு

நீடாமங்கலம் கேட் மூடிவிட்டார்கள்.
மன்னார்குடி பஸ், டிரைவருக்குப் பின்சீட்டு,
மடியில் ஏழாம் வகுப்பு பி பிரிவு,
நாற்பத்தொரு விடைத்தாள்.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டப் போகிறார்கள்;
எப்படியும் ஒரு கட்டு திருத்திவிடலாம்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுக.
ஐந்தில் இரண்டு.
இன்ட்டு போட்டேன்.
அடுத்த தாளிலும் ஐந்தில் இரண்டு. இன்ட்டு.
அதற்கடுத்ததிலும்.
பதினேழு இன்ட்டு போட்ட பிறகுதான் உறைத்தது:
பதினேழு பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்தால்
காப்பியடித்திருக்க வேண்டும்,
இல்லை, நான் நடத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் கபிலேஷை எழுப்பினேன்.
"இது எப்படி வந்துச்சு?"
அவன் கையை நீட்டினான்.
அடி விழாது என்று அவனுக்குப் புரியக்
கொஞ்ச நேரமானது.
அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்ப நேரம்.

"கொள்முதல் நிலையத்துல டீச்சர்,
எங்க நெல்லுல ரெண்டு மூட்டை குத்திப் பாத்தாங்க,
ஒண்ணு ஈரம்.
அப்புறம் மூணு மூட்டை குத்துனாங்க,
அதுலயும் ஒண்ணு.
மொத்தம் அஞ்சு, ஈரம் ரெண்டு.
பதினேழுக்கு மேல போனா எடுக்க மாட்டாங்கல்ல,
அப்பா ரோட்டுல கொட்டித் திரும்பக் காயப்போட்டாரு."

சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
சரியான விடை.
நான் கேட்ட கேள்விக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஐந்தில் இரண்டு என்று பலகையில் பெரிதாக எழுதி
பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.
"அரை மூட்டை நெல் இருக்கு.
அதுமேல மூணுல ஒரு பங்கு மூட்டை கொட்டுறோம்.
இப்ப எவ்வளவு?"
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
பதினாலு வருஷமாகப் பேசியே பழகிய வாய்,
அதை மூடி வைக்கிற பாடு
எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் பெஞ்சில் ரிஸ்வானா விரலை மடக்கினாள்.
"அஞ்சுல ரெண்டுன்னா அரையைவிடக் கம்மி டீச்சர்."
"கொட்டினா எப்படிக் கொறையும்?"
"எலி தின்னுருக்கும்!"
வகுப்பு கொல்லென்று சிரித்தது.
கபிலேஷும் சிரித்தான், தன் விடையைப் பார்த்து,
யாரோ தெரிந்த பையனைப் பார்ப்பது போல.

மணி அடித்துவிட்டது. விடை வரவில்லை.
அடுத்த நாள் ஒரு தாள் கொண்டுவந்தான்:
ஒரு மூட்டைப் படம், குறுக்கே ஆறு பட்டை,
கீழே மூன்று நீலம், மேலே இரண்டு சிவப்பு,
உச்சியில் வெறும் ஒன்று.
ஓரத்தில் பென்சிலால்,
"ஒரு பட்டை எடம் இருக்கு."

இன்று மறுபடி கேட், மறுபடி கட்டு.
கூட்டல் கணக்கில் எல்லாம் டிக்.
கழித்தலில் கபிலேஷ் புதுசாக ஒன்று செய்திருக்கிறான்,
நான் இதுவரை பார்த்திராத தப்பு.
பேனாவை ஓங்கும்போது பஸ் குலுங்கிக் கிளம்ப,
சிவப்பு மை என் சேலையில் ஒரு கோடு.
போகட்டும்.
இது எந்தக் கணக்கோ,
நாளைக்கு அவனைக் கேட்கணும்.