பன்னிரண்டு அடி

வட பின்லாந்து, கெமி. பிற்பகல் மூன்றுக்கே இருட்டு.
பூட்ஸில் பனியோடு வந்த தாவெத்தி
இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கிப் பார்த்தார்,
மீன் வாங்குகிறவர்போல.

நான் ஒப்பித்தேன்: ஃபோர்-கே, நினைவகம்,
குரலுக்குப் பணியும் ரிமோட்.
காதில் போட்டுக்கொள்ளவில்லை.
“சப்டைட்டில் எவ்வளவு பெரிதாகும்?”

ஆறு வருடமாக விற்கிறேன், தெரியாது.
மெனுவுக்குள் துழாவினேன்.
விலை கூடியது மூன்று அளவோடு நின்றது.
மலிவானது வளர்ந்துகொண்டே போனது.

அடியளந்து பின்னால் நடந்தார்.
பன்னிரண்டாவது அடியில் வாஷிங் மெஷின்.
“எங்கள் சோபா இங்கே.”
கண்ணாடியைக் கழற்றினார்.
“இப்போது நான் ஹில்க்கா.
காது போய்விட்டது, கண்ணும் பாதிதான்.”

திரையில் ஏதோ படம், ஒரு வரி.
உரக்க வாசித்தார்:
“யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.”
கடையே வாசலைப் பார்த்தது.

பில் போடும்போதுதான் கேட்டார்,
படம் தெளிவாக வருமா என்று.